முப்பத்தாறாவது கார்டு

அந்த முப்பத்தஞ்சு மிருகங்களும் பூவரசந் தெருவுக்குள் நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். பைபாஸ் ரோட்டில் இறங்கி, தீப்பெட்டி ஆபீஸைச் சுற்றி, அச்சடித்த ஷீட்டில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆறு ஆறாக வரிசை கட்டி, ஒன்றையொன்று இடிக்காமல் முந்தாமல், இறக்கை உள்ளது இறக்கையை ஒடுக்கிக்கொண்டும் மூன்று வால் உள்ளது மூன்றையும் சுருட்டிக்கொண்டும் நடந்து வந்தன. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை ஓரமாக இழுத்து வழி விட்டார்கள், அவ்வளவுதான். பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீரை விட்டுவிட்டு எவள் வேடிக்கை பார்ப்பாள்? தெருவுக்குள் வந்ததும் வரிசை கலைந்து, வீடு தெரிந்த தபால்காரர் மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலில் போய் நின்றது. நாலு வாய் நாரை ஜெயக்கொடி வீட்டு வாசலில் நின்றது. இரும்பு ஆமை டீக்கடைப் பால்பாண்டி அண்ணாச்சியின் பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டது. இரட்டைத் தலை எருமை, மனைவி போனபின் தனியாக இருக்கும் டிரில் வாத்தியார் வீட்டுப் படியில் இரண்டு தலையையும் சாய்த்துப் படுத்துவிட்டது. ஜெயக்கொடி குடத்தை இடுப்பில் வைத்தபடி நாரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்னத்தைத் திங்கும்?" என்று கேட்டாள். தெரு கேட்ட முதல் கேள்வி அதுதான். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று கடைசி வரைக்கும் யாரும் கேட்கவில்லை.

கடைசி வரிசையில் மட்டும் ஐந்துதான் வந்தன. வலது கோடியில் ஓர் இடம் காலியாக, அந்தக் காலியிடமும் கூடவே நடந்து வருகிற மாதிரி வந்தது. அதை முதலில் எண்ணிச் சொன்னவள் பொன்னுலிங்கத்தின் மகள் தர்ஷினி. ஒன்பது வயசு, கார்டு சேர்ப்பதில் தெருவிலேயே முதல் ஆள். "ஒண்ணு குறையுது. முப்பத்தாறாம் நம்பர் வரலை," என்று அவள் கத்தினாள். அவளுக்கு முன்னாலேயே மாடி ஜன்னலில் நின்று எண்ணி முடித்திருந்தான் அவள் சித்தப்பா தவசிலிங்கம். எண்ணி முடித்ததும் அவன் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டான்.

ஏன் என்று கேட்டால், அந்த மிருகங்களை வரைந்தவனே அவன்தான்.

சிவகாசியில் ஒரு நடுத்தரமான அச்சாபீஸில் தவசிக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, காலண்டர், ஊறுகாய் லேபிள் என்று எது வந்தாலும் எழுத்தும் படமும் அவன் கைதான். அந்த வருஷம் ஒரு குழல் வத்தல் கம்பெனிக்காரர் வந்து, பாக்கெட்டுக்கு ஒன்று போட்டுக் கொடுக்கப் பிள்ளைகள் விளையாடுகிற கார்டு வேண்டும் என்றார். மொத்தம் முப்பத்தாறு மாய மிருகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு படம், வலிமை எத்தனை, வேகம் எத்தனை, சண்டையில் என்ன சக்தி, கடைசி வரியில் பலவீனம் என்ன. படம் வரைய தவசிக்குக் கஷ்டமே இல்லை, கொம்பையும் இறக்கையையும் இடம் மாற்றி வைத்தால் ஆச்சு. பலவீனத்துக்குத்தான் திண்டாடிப் போனான். நெருப்புக்குப் பயப்படும், தண்ணீருக்குப் பயப்படும் என்று ஆறு எழுதியதும் சரக்கு தீர்ந்துவிட்டது.

அப்புறம் அவன் தெருவை எழுத ஆரம்பித்தான். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் சும்மாவா வருகிறார்கள், கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேர் வரிசை சொல்லும்போதே வீட்டுக் கதையையும் சொல்லி, மூக்கைச் சிந்தி, "வெளிய சொல்லிராதப்பா" என்று எழுந்து போவார்கள். பதினெட்டு வருஷமாக அப்படிச் சேர்ந்தது அவன் வயிற்றில் கிடந்தது. ஊரையே ஒரு வாயால் பேசித் தீர்க்கிற ஜெயக்கொடியை யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், பேச்சு நின்று கண் சொருகிவிடும். அதனால் நாலு வாய் நாரைக்கு, "பலவீனம்: புகழ்ந்தால் மயங்கி விழும்." முறைத்தாலே டம்ளர் உடைகிற பால்பாண்டி அண்ணாச்சிக்கு, வெடிக்குப் பேர்போன ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், வெடிச் சத்தம் ஆகாது, தீபாவளிக்கு மூன்று நாள் கதவைச் சாத்திக்கொள்வார். இரும்பு ஆமைக்கு, "பலவீனம்: பட்டாசு." டிரில் வாத்தியார் மனைவியின் கருமாதிப் பத்திரிகையைத் திருத்த வந்தபோது, "தனியா உக்காந்தா சோறு இறங்க மாட்டேங்குது தவசி," என்று சொல்லியிருந்தார். இரட்டைத் தலை எருமைக்கு, "பலவீனம்: தனியாகச் சாப்பிடாது." இப்படியே முப்பத்தஞ்சு ஆச்சு. கொம்பு வைத்து, வாலை வைத்து, யாரென்று யாருக்குத் தெரியப்போகிறது என்று அவன் நினைத்தான்.

முப்பத்தாறாவதுதான் அண்ணன்.

பொன்னுலிங்கம் அதே அச்சாபீஸில் நாலு கலர் மிஷினை ஓட்டுகிறவர். அவர் ஓட்டினால் கலர் தப்பாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, காலண்டர்காரர்கள் "பொன்னுலிங்கம் ஷிஃப்ட்ல ஏத்துங்க" என்று கேட்டு வாங்குவார்கள். அந்த மனுஷனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. மிஷினுக்கு வந்த முதல் வருஷம் பச்சை மீனாட்சியைச் செங்கல் நிறத்தில் ஐயாயிரம் ஷீட் அடித்துவிட்டு, மை சரியில்லை என்று சாதித்துவிட்டு, பேப்பர் குடோனுக்குப் பின்னால் தம்பியைக் கூட்டிப்போய், "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது. இது வெளிய தெரிஞ்சா நான் மண்வெட்டியத்தான் தூக்கணும்," என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்த கை அது. தவசிதான் வழி கண்டுபிடித்தான். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் அண்ணன் முதல் ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அறையிலிருந்து தவசி காதைச் சொறிவான். வலது காது என்றால் சிவப்பு தூக்கல், இடது காது என்றால் பச்சை தூக்கல், மூக்கைத் தொட்டால் சரி. அண்ணன் தானே கண்டுபிடித்த மாதிரி தலையை ஆட்டி மையைக் கூட்டுவார், குறைப்பார். கறுப்புக்கு மட்டும் அவர் தம்பியைப் பார்த்ததே இல்லை, கறுப்பு அவருக்கு நன்றாகவே தெரியும்.

பதினெட்டு வருஷம் காதைச் சொறிந்தால் ஊர் சும்மா இருக்குமா? "சொறி தவசி" என்று பேர் வைத்தது. சாத்தூரிலிருந்து பெண் வீட்டார் வந்து டீக்கடையில் விசாரித்தபோது எவனோ, "நல்ல பையன்தான், தோல்ல என்னமோ வியாதி, எந்நேரமும் சொறிஞ்சுக்கிட்டே இருப்பான்," என்று சொல்லிவிட்டான். அவர்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள். முப்பத்தாறு வயசில் அது அவனுக்கு மூன்றாவது இடம். அந்தச் சேதி அச்சாபீஸுக்கு வந்த அன்று ஹெல்பர்கள் எல்லாரும் இளித்துக்கொண்டு நிற்க, யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அண்ணனும், "கையைக் கொஞ்சம் சும்மா வச்சிருந்தா இப்படி ஆகுமாடா?" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அச்சுப் பிளேட் எடுக்க அனுப்ப வேண்டும், ஷீட்டில் வலது கோடிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. தவசி ஆறு கால் வைத்து, அண்ணனுடைய அகன்ற நெற்றியை வைத்து, பெரிய கொம்பு இரண்டு வைத்து ஒரு மிருகம் வரைந்தான். செங்கொம்பன் என்று பேர் போட்டான். வலிமை தொள்ளாயிரத்து ஐம்பது, முப்பத்தாறிலும் அதுதான் அதிகம். பலவீனம் என்ற வரியில், "சிவப்பும் பச்சையும் இதற்கு ஒன்றே" என்று அடித்தான். அடித்துவிட்டுச் சிரித்தான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், தனியாக உட்கார்ந்து வாய்விட்டே சிரித்தான். பின்னால் அவனை ராப்பகலாக அரித்தது எழுதினது கூட இல்லை, அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் அந்த ஷீட்டை மிஷினில் ஏற்றியது அண்ணன். முதல் ஷீட்டை உருவி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். தவசி வலது காதைச் சொறிந்தான், அப்புறம் மூக்கைத் தொட்டான். அண்ணன் தலையை ஆட்டி, அடுத்து தம்பியைப் பார்க்காமலே எதையோ திருகிவிட்டு, மிஷினை ஓட விட்டார். நாற்பதாயிரம் ஷீட்.

பாக்கெட் கடைக்கு வந்த மூன்றாம் நாள் மிருகங்கள் வந்தன. தெரு அவற்றை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், புதுசாகக் கல்யாணமாகி வந்த மருமகளை ஏற்றுக்கொள்கிற மாதிரிதான், முதலில் குறை சொல்லி, அப்புறம் வேலை சொல்லி, கடைசியில் அது இல்லாமல் முடியாது என்று ஆகி. எந்த மிருகம் யார் ஜாடை என்று அரை நாளில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பிள்ளைகள் கார்டை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்று பலவீனத்தைச் சத்தமாக வாசித்தார்கள். ஜெயக்கொடி அச்சாபீஸ் ஜன்னலுக்கே வந்து, "ஏன் தம்பி, எனக்கு நாலு வாயா? நாலா?" என்று கையை ஆட்டிச் சண்டை போட்டாள். சண்டைக்கு நடுவில் முதலாளி, "உங்க நாரை நடை ராணி மாதிரி இருக்கும்மா," என்று ஒரு வார்த்தை சொல்ல, அவள் பின்னாலேயே வந்திருந்த நாரை அங்கேயே தொப்பென்று விழுந்தது, ஜெயக்கொடியும் சண்டையை மறந்து அதன் மூஞ்சியில் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். மறுநாள் ஒரு வீட்டில் காதுகுத்துக்கு வெடி வாங்கி வைத்திருந்தவர்கள், இரும்பு ஆமை ஓட்டுக்குள் போனதையும் அதன் பக்கத்தில் பால்பாண்டி அண்ணாச்சி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததையும் பார்த்துவிட்டு, வெடியை அப்படியே கடைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் வெடி கிடையாது. இரட்டைத் தலை எருமை இரண்டு நாள் வைக்கோலைத் தொடாமல் கிடந்ததும், ஜெயக்கொடிதான் தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் எருமைக்கு எதிரில் உட்கார்ந்தாள். எருமை தின்றது. உள்ளேயிருந்து டிரில் வாத்தியாரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார். அப்புறம் அதற்கு முறை வைத்துக்கொண்டார்கள், திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க வேறொருவனாக இருந்தால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். தவசி கூனிக் குறுகிப் போனான். அவர்கள் அவனை நம்பிச் சொன்னதைத்தான் அவன் எடுத்து எழுதினான், அவர்கள் நல்லவர்களாக இருந்து அதைச் சுமந்துகொண்டார்கள், அதில் அவனுக்கு என்ன பெருமை? அதிலும் முப்பத்தாறாவது இன்னும் வரவில்லை. அவன் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போய் குழல் வத்தல் பாக்கெட்டை வாங்கி அங்கேயே கிழித்து, செங்கொம்பன் கார்டு வந்தால் வாயில் போட்டு மென்று துப்பினான். நாற்பதாயிரத்தை எத்தனை பேர் மெல்ல முடியும்? வத்தலைத் தின்று தின்று வயிறு கெட்டதுதான் மிச்சம்.

நாலாம் நாள் டீக்கடையில் ஒரு பேச்சு கேட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சிக்னலில் ஆறு கால் மிருகம் ஒன்று செவ்வாய்க்கிழமையிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறதாம், விளக்கு மாறினாலும் போக மாட்டேன் என்கிறதாம், சுற்றி வண்டியெல்லாம் ஆரன் அடித்தபடி போகிறதாம்.

தவசி வேலையைப் போட்டுவிட்டு உச்சி வெயிலில் போனான். நின்றது. அண்ணனுடைய நெற்றி, அண்ணன் ஷீட்டைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே முகத்தைத் தூக்கி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிவப்பு எரிந்து அணைந்து பச்சை எரிந்தது, அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற முப்பத்தஞ்சும் கடந்து போனபோது இது மட்டும் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுவிட்டது, பாவம். தவசி கிட்டே போய், "போயிரு. ஊருக்குள்ள வராத. திருத்தங்கல் பக்கம் போயிரு," என்று கெஞ்சினான். அது திரும்பி அவனைப் பார்த்தது. அவன் காதைப் பார்த்தது. ஒரு சொறி, ஒரே ஒரு சொறி போதும் அதற்கு, பதினெட்டு வருஷம் தினமும் செய்த காரியம். தவசி இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வழியெல்லாம் அவனுக்கு அழுகை முட்டியது, அதுகூட அந்த மிருகத்துக்காகவா தனக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அதன் கொம்பைப் பிடித்துத் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். "யார் வீட்டு மாடுய்யா இது? ஊரு டிராபிக்கே நாறிப் போச்சு," என்று கத்தினார். மிருகம் கொம்பை உருவிக்கொண்டு நேராகப் பொன்னுலிங்கம் வீட்டு வாசலுக்குப் போய் நின்றது. தெருவே சேர்ந்து கைதட்டியது. பொன்னுலிங்கம் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லையே என்று எல்லாருக்கும் ஒரு குறை இருந்தது அல்லவா? பொன்னுலிங்கம் ஒரு கட்டு அகத்திக் கீரையைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டார்.

தர்ஷினிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்றுத்தான் அவளுக்கு அந்தக் கார்டு கிடைத்திருந்தது. "எங்க வீட்டுதுக்குத்தான் வலிமை ஜாஸ்தி. தொள்ளாயிரத்து அம்பது," என்று வாசற்படியில் ஏறி நின்று வாசித்தாள். "சக்தி: ஒரே முட்டில் மலையை நகர்த்தும். பலவீனம்: சிவப்பும் பச்சையும் இதற்கு ஒன்றே."

பிள்ளைகள் ஓடிப்போய் மிளகாய் கொண்டுவந்தார்கள். ஒரு கையில் பழுத்தது, ஒரு கையில் பச்சை. மிருகம் அதையும் முகர்ந்தது, இதையும் முகர்ந்தது, இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தது, பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் யாரையோ தேடியது. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. நாரையைப் பார்த்துச் சிரித்து, ஆமையைப் பார்த்துச் சிரித்து, அதற்குள் தெருவுக்குக் கணக்குப் பழகிப் போயிருந்தது. ஒவ்வொரு தலையாகப் பொன்னுலிங்கத்தின் பக்கம் திரும்பியது. அவர் கீரை கட்டியிருந்த வாழைநாரைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றார். தர்ஷினி கார்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கார்டைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்தாள்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது மதினி சுந்தரக்கனி தவசி தட்டில் குழம்பை ஊற்றியபடி கேட்டாள். "உங்க அண்ணனுக்கு இப்படின்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மதினி."

"எத்தனை வருசமா?"

"பதினெட்டு."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்." கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனா, உனக்குப் பிடிச்சதை எடுன்னு வாசல்லயே நின்னுக்குவாக. பாசம்னு நெனச்சேன். பொண்டாட்டிகிட்டச் சொல்ல முடியாததை உங்ககிட்டச் சொல்லியிருக்காக தம்பி. உங்ககிட்ட மட்டும்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. தவசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் அவன் ஒன்றும் செய்யவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே செங்கொம்பன் கீரை மெல்லுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை முதலாளி மிஷின் ஹாலுக்கே வந்துவிட்டார். மிஷினை நிறுத்தச் சொன்னார். அது நின்றதும் சுவர்ப் பல்லி சத்தம்கூடக் கேட்டது. முதலாளி கையில் ஒரே முருகன் படம், இரண்டு ஷீட். "பொன்னுலிங்கம், நான் எதையும் நம்பலை. ஊரு வாய அடைக்கணும். இதுல எதுல செவப்பு தூக்கல், சொல்லுங்க, போதும்," என்றார். ஹெல்பர்கள், கட்டிங் ஆட்கள், பைண்டிங் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வாசலில் செங்கொம்பன் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது.

தவசி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றான். முதலாளியின் இடது கையில் இருந்த ஷீட்டில்தான் சிவப்பு தூக்கல், அத்தனை தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் கை தானாக மேலே போனது. மூக்கைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணன் மட்டும் ஒருதரம் இந்தப் பக்கம் திரும்பினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், மிருகம் வேறு மனுஷன் வேறு என்று ஊர் சொல்லிவிடும். அவன் சொறிந்தான். வலது காதை, அப்புறம் இடது கை என்று காட்ட இடது கையைத் தூக்கி, பைத்தியக்காரன் மாதிரிச் சொறிந்தான். அண்ணன் திரும்பவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள்தான் ஒவ்வொருவராகத் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷமாகச் சொறி என்று சிரித்தவர்களுக்கு அப்போது விளங்கியது.

"தெரியலை முதலாளி," என்றார் பொன்னுலிங்கம். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். என்னைக்கும் ஒண்ணுதான்."

முதலாளி ஷீட்டைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். கெட்டவர் இல்லை. "அப்ப என் கலரையெல்லாம் இத்தனை வருசம் யாருய்யா பார்த்தா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானத்துக்குள் நாலு கலர் மிஷினுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பொன்னுலிங்கத்தைப் பின்னால் ஷெட்டில் கிடக்கும் பழைய ஒற்றைக் கலர் மிஷினுக்கு மாற்றினார்கள். பில் புக், ரசீது, நோட்டீஸ். கறுப்பு மட்டும்.

சாயங்காலம் தவசி ஷெட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றான். அண்ணன் துணியால் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்லத்தான் வந்திருந்தான்.

"அந்த ஷீட்டை நான் அன்னைக்கே வாசிச்சேன்டா," என்றார் அண்ணன், துடைப்பதை நிறுத்தாமல். "முதல் ஷீட்டுலயே. கடைசிக் கட்டம்."

"அண்ணே..."

"உன்னைப் பார்த்துச் சிரிச்சேன்ல முந்தின நாளு. அதுக்குத்தான்னு புரிஞ்சுச்சு. நிப்பாட்டிரலாமான்னு பார்த்தேன். நிப்பாட்டினா ஏன்னு கேப்பாக." துணியை உதறி மறுபக்கம் திருப்பினார். "கறுப்பு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. நான்தான் ஏத்தி விட்டேன். எழுதினது எழுதிட்ட, நீ எழுதினது மங்கலா வரக் கூடாதுல்ல."

தவசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். நாற்பதாயிரம் ஷீட், ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் விழ விழ அந்த மனுஷன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

தெரு அண்ணனையும் ஏற்றுக்கொண்டது, அதுதான் இன்னும் கொடுமை. காய்கறி வண்டிக்காரர், "அண்ணாச்சி, இது பழம், இது காய்," என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். சிக்னலில் முன்பின் தெரியாத பிள்ளைகள் அவர் கையைப் பிடித்து, "இப்பப் போலாம் தாத்தா," என்று கூட்டிப் போனார்கள், அவருக்கு நாற்பத்தெட்டு வயசுதான். அவர் ஒவ்வொருவருக்கும் சரிப்பா, சரிம்மா என்று சொன்னார். ஒவ்வொரு சரிக்கும் தவசி ஒரு சுற்று சுருங்கினான். தர்ஷினி அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அப்படிப் பத்து நாள் போனது. பதினோராம் நாள் காலை தவசி மாடியிலிருந்து இறங்கி வரும்போது கடைசிப் படியில் ஒரு மிருகம் உட்கார்ந்திருந்தது. யாரும் வரைந்ததில்லை, எந்த ஷீட்டிலும் வந்ததில்லை. ஆட்டுக்குட்டி உயரம். கொம்பு கிடையாது, இறக்கை கிடையாது, இரண்டு காது மட்டும் நீளமாகத் தரையில் புரண்டது. அவன் நகர்ந்தால் நகர்ந்தது, நின்றால் நின்றது, முகத்தை மட்டும் நிமிர்த்த மாட்டேன் என்றது. தெரு பார்த்தது. "தவசிக்கும் வந்துருச்சு," என்றாள் ஜெயக்கொடி, அவ்வளவுதான், தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

தர்ஷினி பள்ளிக்கூடப் பையோடு வந்து அதன் முன்னால் நின்றாள். பத்து நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இதுக்குக் கார்டு எங்க சித்தப்பா?"

"கார்டு இல்லைம்மா."

"எல்லாத்துக்கும் இருக்குல்ல? பலவீனம் என்னன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

தவசி அச்சாபீஸுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தான். மிருகம் மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. கலர் வைக்காமல் கறுப்பிலேயே வரைந்தான். பேர்: காதன். வலிமை, வேகம், சக்தி மூன்றுக்கும் கோடு போட்டான். கடைசி வரிக்கு மட்டும் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். அப்புறம் அடித்தான். "பலவீனம்: தன்னை நம்பி அண்ணன் அழுது சொன்னதை ஊருக்கு எழுதிக் காட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தது." இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பிளேட்டைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் ஷெட்டுக்கு நடந்தான், மிருகம் காதை இழுத்துக்கொண்டு கூடவே வந்தது.

அண்ணன் பிளேட்டை வாங்கி மாட்டினார், பேப்பரைத் தட்டி வைத்தார், மிஷினைத் தட்டிவிட்டார். முதல் ஷீட்டை உருவி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்த அதே அளவு நேரம் பிடித்திருந்தார். வரி வரியாக அவர் உதடு அசைவது தெரிந்தது. தவசியின் இரண்டு கையும் சும்மா தொங்கின.

"கறுப்பு மங்கலா இருக்குடா தம்பி," என்றார் அண்ணன், ஷீட்டைக் கீழே இறக்காமல். "இப்படியே விட்டுரவா?"

"வேணாம்ண்ணே," என்றான் தவசி. "ஏத்துங்க. நல்லாத் தெரியட்டும்."

அண்ணன் ஒருதரம் அவனைப் பார்த்துவிட்டு, குனிந்து மையைத் திருகினார்.